வளர்ப்புப் பிள்ளையும் தகப்பன் பெயரும்

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து சென்ற பிறகு, ஒருவர் மட்டும் ஹவுளின் ஓரத்தில் தயங்கி நின்றுகொண்டிருந்தார். பெரம்பலூர் வட்டாரத்துக்காரர். லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற நம் பக்கத்து ஊர்களில் அக்கரைக்குச் சம்பாதிக்கப் போனவர் இல்லாத தெரு அபூர்வம் என்பது வாசகர்கள் அறிந்ததே. இவரும் வளைகுடா நாடொன்றில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். பிள்ளைப் பேறு இல்லை. இவருடைய தம்பி சாலை விபத்தில் மவுத்தாகிவிட்டார். தம்பியின் மகனுக்கு ஒன்றரை வயது.

அந்தப் பிள்ளையைத் தாமும் மனைவியும் வளர்க்க வேண்டும், தங்களோடு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவருடைய எண்ணம். விசா ஏஜெண்டிடம் கேட்டிருக்கிறார். அவன் சுலபமான வழி ஒன்றைச் சொல்லிவிட்டான். பிள்ளை வேறோர் ஊரில் பிறந்ததாகத் தாமதப் பதிவு செய்து, தாய் தகப்பன் இடத்தில் இவர்கள் இருவர் பெயரையும் போட்டு ஒரு பிறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டால் மற்றதெல்லாம் தானே நடக்கும். அதற்கு ஆதாரமாக மஹல்லா ஜமாஅத்தின் கடிதம் ஒன்று வேண்டும்.

"நாலு வரி போதும் ஹஜ்ரத். இவன் என் மகன்தான் என்று எழுதிக் கொடுங்கள். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. தகப்பனில்லாத பிள்ளைக்குத் தகப்பனாக இருக்கப் போகிறேன். இதுகூடவா பாவம்?"

அந்தக் கேள்வியை உதறித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் கண்ணில் இருந்தது பேராசையல்ல, பாசம். எதீமைப் பராமரிப்பவர் சுவனத்தில் தம்மோடு இரண்டு விரல்களைப் போல் நெருங்கி இருப்பார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன நன்மாராயத்தை மிம்பரில் எத்தனை முறை நானே பயான் செய்திருக்கிறேன்! அதைக் கேட்டு ஒருவர் எழுந்து வந்தால், அவர் கேட்கும் நாலு வரியை மறுப்பது நியாயமா? நல்ல காரியம் ஒன்று பொய்யான காகிதத்தின் மேல் நிற்கலாமா, நின்றால் அதன் பாரத்தைச் சுமப்பவர் யார் என்பதே கேள்வி.

பெருமானார் (ஸல்) அவர்கள் பிறக்கும் முன்பே தந்தையை இழந்தவர்கள். பாட்டனாருக்குப் பின் அவர்களை வளர்த்தவர் அபூதாலிப். நம் வழக்கில் சொன்னால் பெரியத்தா. அபூதாலிப் ஷாம் தேசத்துக்கு வியாபாரக் கூட்டத்தோடு புறப்பட்டபோது பிள்ளை விட்டுப் பிரிய மாட்டாமல் நின்றதையும், அவர் மனமிளகி உடன் அழைத்துச் சென்றதையும் சீறா நூல்களில் படிக்கிறோம். பெரியத்தா எதீமைத் தூர தேசத்துக்கு அழைத்துப் போவது நமக்குப் புதிய சங்கதி அல்ல. ஆனால் அந்தப் பயணத்திலும், அதற்கு முன்னும் பின்னும், அவர்கள் அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மதாகவே இருந்தார்கள். வளர்த்தவர் தம் பெயரைப் பிள்ளையின் மேல் எழுதிக்கொள்ளவில்லை.

ஜைது (ரலி) அவர்களின் வரலாறு இன்னும் நெருங்கியது. சிறு வயதில் கொள்ளையரிடம் சிக்கி, உக்காழ் சந்தையில் விற்கப்பட்டு, கதீஜா நாயகியாரின் வீடு வந்து சேர்ந்த பிள்ளை அவர். தகப்பனார் ஹாரிஸா தேடித் தேடி மக்காவுக்கு வந்து, என்ன விலை கேட்டாலும் தருகிறேன், மகனைக் கொடுங்கள் என்று நின்றார். விலை வேண்டாம், பிள்ளையே முடிவு செய்யட்டும் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். ஜைது அவர்களோடு இருப்பதையே விரும்பினார். அதன் பின் கஃபாவின் அருகில் மக்கள் முன்னிலையில் மகனாக அறிவிக்கப்பட்டு, முஹம்மதின் மகன் ஜைது என்றே அழைக்கப்பட்டார். பொய்யோ மறைவோ அதில் கிடையாது. எல்லாரும் அறிந்த சம்மதம். அப்படியிருந்தும், அஹ்ஸாப் அத்தியாயத்தின் ஆரம்ப வசனங்கள் இறங்கி, வளர்ப்புப் பிள்ளைகளை அவரவர் தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்று கட்டளை வந்ததும், அவர் மறுபடியும் ஹாரிஸாவின் மகன் ஜைது ஆனார். உலகிலேயே மிக உயர்ந்த தகப்பன் பெயரை இழந்த அவருக்கு அதே அத்தியாயத்தில் இன்னொன்று கிடைத்தது. ஸஹாபாக்களில் திருமறை பெயர் சொல்லிக் குறிப்பிடுவது அவர் ஒருவரைத்தான்.

வீட்டிலிருந்து அவர் வெளியேற்றப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பாசம் குறையவில்லை, பராமரிப்பு நிற்கவில்லை. திரும்பிப் போனது பெயர் மட்டுமே. அது ஹாரிஸாவின் உரிமை என்பதைவிட ஜைதின் உரிமை என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். பிள்ளையின் நஸப் பிள்ளையின் சொத்து. பிறர் கையில் அது அமானத்தாக இருக்கிறதே தவிர, நல்ல எண்ணத்தோடேனும் அதை விற்கவோ மாற்றவோ யாருக்கும் அதிகாரமில்லை.

"யாருக்கும் நஷ்டமில்லை" என்ற சொல்லுக்கு நான் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நான் இமாமாக இருந்த வேறோர் ஊரில் ஒரு நிக்காஹ். மணப்பெண் வெளிநாட்டில் வளர்ந்தவள். நிக்காஹுக்கு முந்தைய இரவு மணி பதினொன்றுக்குப் பெண்ணின் அத்தா என் அறைக் கதவைத் தட்டினார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஹஜ்ரத், அவள் என் ரத்தமில்லை. என் மச்சான் பெண். பிறந்த பத்தாம் நாளே வாங்கிக்கொண்டோம். ஆஸ்பத்திரியிலேயே எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டோம். நாளைக்கு வலீ யார்?" என்று கேட்டார்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாம்; நிக்காஹ் வேளை நெருங்கியதும் அல்லாஹ்வின் பயம் அவரை விடவில்லை. ஷாபிஈ மத்ஹபில் வலீ இல்லாமல் நிக்காஹ் கூடாது. ஹனஃபீ மத்ஹபில் வயது வந்த பெண் தன் சம்மதத்தில் செய்யும் நிக்காஹ் செல்லும் என்றாலும், வலீ என்று ஒருவரை நிறுத்தினால் அவர் உண்மையான வலீயாக இருக்க வேண்டாமா? மறுநாள் மூன்றாவது வரிசையில் மாமா என்ற பெயரில் விருந்தாளியாக உட்கார்ந்திருக்க வேண்டிய மனிதர், பெற்ற தகப்பனாக முன்னால் வந்து உட்கார்ந்தார். தப்தரில் உள்ளபடி எழுதினேன். அந்தப் பெண் விஷயத்தை அறிந்தது விடிவதற்குச் சற்று முன்னால்தான். மருதாணி காயாத கையோடு அவள் அழுததை என் மனைவி வந்து சொன்னபோது, நான் செய்தது சரிதானா என்று எனக்கே கலக்கமாக இருந்தது.

சங்கதி அதோடு முடியவில்லை. நிக்காஹ் தப்தரில் ஒரு தகப்பன், பாஸ்போர்ட்டில் ஒரு தகப்பன். மாப்பிள்ளை வேலை பார்த்த நாட்டில் திருமணச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, இருவரும் ஒரே பெண்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். பாஸ்போர்ட்டைத் திருத்தப் போனால் முதல் சான்றிதழே பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பொய்த் தகவல் கொடுத்துப் பாஸ்போர்ட் வாங்குவது 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஒன்றரை ஆண்டு கணவன் அங்கே, மனைவி இங்கே. பிள்ளையின் விசாவுக்காகச் சொன்ன பொய், அதே பிள்ளை பெரியவளானதும் அவளுடைய விசாவுக்கே குறுக்கே நின்றது.

இதையே நாடளவில் பார்க்க வேண்டுமானால் இலங்கையைப் பாருங்கள். 1970களிலும் 1980களிலும் ஆயிரக்கணக்கான இலங்கைக் குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். பல குழந்தைகளுக்குப் பெற்ற தாயல்லாத ஒரு பெண்ணைத் தாயாக நடிக்க வைத்துக் கையெழுத்து வாங்கியது பின்னர் வெளிவந்தது. இன்று நாற்பது வயதான அந்தப் பிள்ளைகள் காகிதத்தில் உள்ள பெயரைப் பிடித்துக்கொண்டு வந்து, அந்தப் பெயருக்குரிய பெண் தங்கள் தாயல்ல என்று அறிந்து திரும்புகிறார்கள். நெதர்லாந்து அரசாங்கம் இதை விசாரித்து, 2021 பிப்ரவரியில் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. வளர்த்தவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள்தாம். காகிதம்தான் பொய்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 1956ஆம் ஆண்டின் ஹிந்து தத்தெடுப்புச் சட்டம் நமக்குப் பொருந்தாது. எல்லா மதத்தாருக்கும் பொதுவாக 1972இல் கொண்டுவரப்பட்ட தத்து மசோதாவை முஸ்லிம்கள் எதிர்த்தார்கள், அது கைவிடப்பட்டது. நெடுங்காலம் நமக்கிருந்த வழி 1890ஆம் ஆண்டின் கார்டியன் சட்டம் ஒன்றுதான். பிறகு சிறார் நீதிச் சட்டம் வந்தது. அதன்படி எந்த மதத்தாரும் தத்தெடுக்கலாம், ஆனால் யாரையும் அது கட்டாயப்படுத்தவில்லை என்று 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி சதாசிவம் அவர்களின் அமர்வு அது. விரும்பியவர் எடுக்கலாம், ஷரீஅத்தின்படி நடக்க விரும்புகிறவர் விலகியிருக்கலாம்.

இப்போது நடைமுறையில் உள்ளது 2015ஆம் ஆண்டுச் சட்டம். அண்ணன் தம்பி பிள்ளையை வெளிநாட்டில் உள்ள உறவினர் தத்தெடுப்பதற்கு அதில் வழி இருக்கிறது. மத்திய அரசின் 'காரா' என்னும் தத்தெடுப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். குடியிருக்கும் நாடு ஹேக் உடன்படிக்கையில் சேராததாக இருந்தால் (வளைகுடா நாடுகளில் பலவும் மலேசியாவும் சேராதவையே) அங்குள்ள இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். இங்கே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு பிள்ளையின் குடும்பத்தை விசாரிக்கும். 2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவை வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். அதன் பிறகு ஆணையத்தின் தடையில்லாச் சான்று, பிறகு பாஸ்போர்ட். ஐந்து வயது கடந்த பிள்ளையானால் அதன் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு ஜைதின் நினைவுதான் வந்தது. இந்த முறைகளைத் தாண்டிப் பிள்ளையை வாங்குவதும் கொடுப்பதும் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

முறையாகவே செய்தால் ஆயிற்றே, பொய் இல்லையே என்று சிலர் கேட்கலாம். அந்தச் சட்டத்தின் 63ஆவது பிரிவைப் படிக்க வேண்டும். உத்தரவு வந்த நாளிலிருந்து பிள்ளை தத்தெடுத்தவர்களுக்கே பிறந்ததாகக் கருதப்படும். பிறந்த குடும்பத்தோடுள்ள பந்தங்கள் யாவும் அறுந்துபோகும். தகப்பன் யாரென்று தெரிந்த, தாய் உயிரோடிருக்கிற, பாட்டி மடியில் விளையாடுகிற பிள்ளைக்கு இது எதற்கு? அல்லாஹ் சேர்த்து வைத்ததை ஆட்சியரின் முத்திரை வந்து அறுக்க வேண்டுமா? இந்தப் பிள்ளை விஷயத்தில் அந்த உத்தரவை வாங்கச் சொல்ல எனக்கு நாவு எழவில்லை.

ஆனால் எல்லாப் பிள்ளையும் ஜைது அல்ல. ஸாலிம் (ரலி) அவர்களும் இருந்தார்கள். தந்தை வழி மக்களிடையே அறியப்படாத அவரை அபூஹுதைஃபா (ரலி) மகனாக வளர்த்தார்கள். வசனம் இறங்கியபோது திருப்பிக் கொடுக்கத் தகப்பன் பெயர் இல்லை. தகப்பன் அறியப்படாதவர்கள் மார்க்கச் சகோதரர்கள், உங்களைச் சார்ந்தவர்கள் என்று அதே வசனம் அவர்களுக்கும் இடம் வைத்திருந்தது. அபூஹுதைஃபாவைச் சார்ந்த ஸாலிம் என்ற பெயரோடு அவர் குபாவில் முஹாஜிர்களுக்கு இமாமாக நின்றார். குர்ஆனை யாரிடம் கற்க வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன நால்வரில் ஒருவரானார். வளர்த்தவரும் வளர்ந்தவரும் யமாமா யுத்தத்தில் ஒன்றாகவே ஷஹீதானார்கள்.

ஸாலிமைப் போன்ற பிள்ளைகள் நம் மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். 1992இல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம், பெண் பிள்ளைகளின் விகிதம் குறைந்திருப்பது 2011 ஜனக்கணக்கில் தெரிந்ததும் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அந்தத் தொட்டிலில் பெயரில்லாமல் கிடத்தப்படும் பெண் குழந்தைக்கு அறுப்பதற்குப் பந்தம் ஏது? அவளை வீட்டுக்குக் கொண்டுவரச் சட்டம் தத்து உத்தரவைத்தான் கேட்கிறது என்றால், அதை வளர்க்கும் பொறுப்புக்கான அனுமதிச் சீட்டாகக் கருதி வாங்கலாம் என்பதே என் தாழ்மையான கருத்து. அவள் யாரென்ற உண்மையை அவளிடம் மறைக்கக் கூடாது, மஹ்ரம் முறைகளைப் பேண வேண்டும், வாரிசுரிமைக்குப் பதிலாக உயிரோடிருக்கும்போதே ஹிபாவோ மூன்றிலொரு பங்குக்குள் வஸிய்யத்தோ செய்து வைக்க வேண்டும். இதிலும் கூடாதென்று சொல்லும் முஃப்திகள் இருக்கிறார்கள். அவர்களுடைய பேணுதலை நான் மதிக்கிறேன். ஆனால் தொட்டிலில் கிடப்பவளைத் தொட்டிலிலேயே விட்டுவிட்டு வருவதும் ஒரு தீர்ப்புத்தானே.

நம் முறையை உலகம் அறியாது என்று எண்ண வேண்டாம். ஐக்கிய நாடுகள் சபையின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கை, இருபதாவது ஷரத்தில், தத்தெடுப்போடு இஸ்லாமியக் 'கஃபாலா'வையும் பெயர் சொல்லி ஏற்றிருக்கிறது. நஸபை மாற்றாமல் பொறுப்பை மட்டும் ஏற்பதே கஃபாலா. அல்ஜீரியாவும் மொரோக்கோவும் தத்தை விலக்கி இதையே சட்டமாக வைத்திருக்கின்றன. அல்ஜீரியாவில் கஃபாலாவில் எடுத்த பெண் குழந்தையை இங்கிலாந்துக்குள் விட மறுத்த வழக்கில், 2019 மார்ச்சில் ஐரோப்பிய யூனியனின் நீதிமன்றம் இடைவழியாக ஒரு தீர்ப்புச் சொன்னது. பெற்ற பிள்ளைக்குரிய உரிமை அவளுக்கு இல்லை. ஆனால் குடும்பத்தைச் சார்ந்தவளாகக் கருதி, அவளுடைய நலனை ஆராய்ந்து, வருகைக்கு வழி செய்ய வேண்டும். மலேசியாவிலும் முஸ்லிம்களுக்கும் பொருந்தும் தத்துப் பதிவுச் சட்டம் 1952 முதல் இருக்கிறது. அந்தப் பதிவு வாரிசுரிமை தருவதில்லை.

இனி, ஹவுளின் ஓரத்தில் நிற்பவருக்கு வருவோம். கடிதம் தர மாட்டேன் என்றேன். முகம் வாடிவிட்டது. உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் பேசினேன்.

தம்பியின் விபத்துக்கு நஷ்டஈடு வழக்குப் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். அந்தப் பணம் மையித்தின் வாரிசுகளுக்குரியது. மகன் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, பெற்றோர் இருந்தால் அவர்களுக்குரியது போக மீதி முழுவதும் இந்தப் பிள்ளைக்கு. சான்றிதழில் தகப்பன் பெயரை மாற்றிய மறுகணமே பிள்ளைக்கு அந்த உரிமை போயிற்று. "யாருக்கும் நஷ்டமில்லை என்றீர்களே" என்றேன். அவர் அதை நினைத்தே பார்க்கவில்லை. அவர் பிள்ளையில்லாமல் மவுத்தானாலும், நெருங்கிய அஸபா வேறு யாரும் இல்லாத நிலையில், தம்பி மகன் என்ற முறையிலேயே அவனுக்கு வாரிசுரிமை வரக்கூடும். பொய் மகனாகித்தான் வர வேண்டும் என்பதில்லை.

அவர் மனைவிக்கு அவன் நாளைக்கு அன்னிய ஆண். ஒன்றரை வயதுதான் ஆகிறது. இரண்டு வயது நிரம்புவதற்குள் அவர் மனைவியின் உடன்பிறந்தவள் யாரேனும் பாலூட்டினால் மனைவி அவனுக்குப் பால்குடிச் சின்னம்மாவாகி மஹ்ரமாகிவிடுவார். ஷாபிஈ மத்ஹபில் ஐந்து தடவை, ஹனஃபீயில் ஒரு தடவையே போதும். மச்சினிக்குக் கைக்குழந்தை இருக்கிறது என்று அவரே சொன்னார்.

விசாவுக்கு என்ன வழி? மாவட்ட நீதிமன்றத்தில் 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி கார்டியன் உத்தரவு வாங்கலாம். நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே பிள்ளையைக் கொண்டுபோக அதே சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி தனியாக அனுமதி கேட்க வேண்டும். 2016 டிசம்பர் முதல் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தாய், தகப்பன், சட்டப்படியான கார்டியன் ஆகியோரில் ஒருவர் பெயர் இருந்தால் போதும். ஆகவே பொய்த் தகப்பன் தேவையே இல்லை. கார்டியன் உத்தரவைப் பார்த்துக் குடும்ப விசா தருவது அந்தந்த நாட்டின் இஷ்டம், தராமலும் போகலாம். இதை அவரிடம் ஒளிக்கவில்லை.

கடைசியாக, பிள்ளையின் தாய் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். "அவளுக்கும் சம்மதம்தான்" என்றார். இருபத்து மூன்று வயது விதவை, புகுந்த வீட்டில் இருந்துகொண்டு வேறென்ன சொல்வாள்? என் மனைவியை அனுப்பிப் பேசச் சொன்னேன். பால்மாவுக்கும் வைத்தியச் செலவுக்கும் யாரிடம் கை நீட்டுவது என்று தெரியாமல்தான் தலையாட்டினாளாம். சிறு பிள்ளையை வளர்க்கும் உரிமை, ஹளானா, முதலில் தாய்க்குரியது என்பதில் இமாம்களிடையே பேதமில்லை. விதவையின் பிள்ளைக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு; கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படாதிருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பித்தோம். ஜமாஅத்தின் ஜகாத் நிதியிலிருந்தும் அவளுக்கு ஒரு தொகை ஒதுக்கச் சொன்னேன். இத்தனை நாள் நமக்கே இது தோன்றவில்லை என்பது ஜமாஅத்துக்கு வெட்கம்தான்.

அவர் விடுமுறை முடிந்து தனியாகத்தான் விமானம் ஏறினார். நஷ்டஈட்டு வழக்குப் பிள்ளையின் பெயரில், பிள்ளையின் உண்மையான தகப்பன் பெயரோடு நடக்கிறது. கார்டியன் மனு நீதிமன்றத்தில் இருக்கிறது. மாதம் தவறாமல் பணம் வருகிறது. அதில் ஒரு பகுதி அந்தப் பெண்ணின் தையல் மெஷினுக்குப் போயிற்று. கைப்பேசியில் அவர் முகம் தெரிந்ததும் பிள்ளை 'பெரியத்தா' என்று கூவுகிறானாம். அவருடைய மனைவி மட்டும் என் வீட்டாரோடு இன்னும் பேசுவதில்லை.